எரியாத சீரியல் செட்டில் கரண்ட் இருக்குமா?



எங்கள் தெரு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எங்க அண்ணன் சீரியல் செட் கட்டினான். மொத்தம் 40 பல்பு, ஒவ்வொன்றும் 6 வோல்ட் பல்பு. திடீரென்று எல்லாம் அணைந்துவிட்டன. பார்த்தால் ஒரே ஒரு பல்பு பீஸ் போயிருந்தது. "எரியலையே, கரண்ட் எங்க இருக்கு?" என்று அண்ணன் அதைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் விரலை வைக்கப் போனான். மாமா ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். "230 வோல்ட்டும் அங்கதாண்டா நிக்குது!" என்று திட்டினார்.

எனக்குப் புரியவில்லை. மறுநாள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். செய்தே காட்டினார்கள்.

தேவையானவை: 1.5 வோல்ட் பேட்டரி 4 (மொத்தம் 6 வோல்ட்), ஒரே மாதிரியான 6 வோல்ட் பல்பு 3, வோல்ட்மீட்டர், வயர்.

தொடரிணைப்பு: பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தோம். மங்கலாக எரிந்தன. ஒவ்வொரு பல்பிலும் ஏறத்தாழ 2 வோல்ட். கூட்டினால் 6. இதில் மின்னோட்டம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். மின்னழுத்தம்தான் பங்கு பிரிகிறது. மின்தடை அதிகம் உள்ளதற்குப் பங்கும் அதிகம். 2 ஓம், 4 ஓம் மின்தடைகளை இதே 6 வோல்ட்டில் தொடராக இணைத்தால் 2 வோல்ட், 4 வோல்ட் என்று பிரியும்.

பிறகு டீச்சர் ஒரு பல்பைக் கழற்றினார்கள். எல்லாம் அணைந்தன. எரியாத இரண்டு பல்பிலும் 0 வோல்ட். கழற்றிய இடத்திலோ முழு 6 வோல்ட்! காரணம், மின்னோட்டம் × மின்தடை = மின்னழுத்தம் என்பது ஓம் விதி. சுற்று அறுந்ததும் மின்னோட்டம் 0. அதனால் பல்புகளில் மின்னழுத்தமும் 0. மொத்தமும் அறுந்த இடத்தில் வந்து நிற்கிறது. எங்கள் சீரியல் செட்டில் எரியும்போது ஒரு பல்புக்கு 230 ÷ 40 = 5.75 வோல்ட்தான். அறுந்துபோனால் அந்த இடத்தில் 230!

பக்க இணைப்பு: ஒவ்வொரு பல்பையும் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் தனித்தனியாக இணைத்தோம். எல்லாவற்றிலும் 6 வோல்ட், பளிச்சென்று எரிந்தன. ஒன்றைக் கழற்றினாலும் மற்றவை அணையவில்லை. இதில் மின்னழுத்தம் ஒன்றுதான், மின்னோட்டம்தான் பிரிகிறது. நம் வீட்டு வயரிங் இப்படித்தான். அதனால்தான் லைட் போனாலும் ஃபேன் சுற்றுகிறது.

எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று நினைக்காதீர்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு பல்பைத் தொடுங்கள். இந்தச் சோதனையைப் பேட்டரியில் மட்டும் செய்யுங்கள்.

யோசியுங்கள்: 10 பல்பு பீஸ் போய், அவற்றை எடுத்துவிட்டு வயரை முறுக்கிவிட்டால் மீதி 30 பல்பும் என்ன ஆகும்?

விடை: 230 ÷ 30 = ஏறத்தாழ 7.7 வோல்ட். 6 வோல்ட் பல்பு எத்தனை நாள் தாங்கும்? அண்ணனிடமும் கேட்டேன். பேசாமல் புது செட் வாங்கப் போய்விட்டான்!