இளவேனில் வாசலில் ஓர் எளிய வழிபாடு

ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்தவர் நம் முன்னோர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரு திங்களை வகுத்தனர். மாசியும் பங்குனியும் பின்பனிக்கு உரியவை. சித்திரையும் வைகாசியும் இளவேனிலுக்கு உரியவை. ஆகவே சித்திரை முதல் நாள் ஆண்டுப் பிறப்பாகவும் வசந்தத்தின் வாயிலாகவும் அமைகின்றது. சென்னையில் வாழும் அன்பர்களுக்கு இது சிறிது நகைப்பைத் தரலாம். தார்ச் சாலை கொதிக்கும் ஏப்ரல் மாதத்தில் இளவேனில் எங்கே உள்ளது என அவர்கள் வினவக்கூடும். அதற்கு விடை இரண்டு உள. ஒன்று வானத்தில், மற்றொன்று தெருவோர மரத்தில்.

வானத்தின் விடை இது. சூரியன் மேட இராசியிற் புகுவதை ஒட்டியே சித்திரை பிறக்கின்றது. கதிரவன் மறைவதற்கு முன் அப்புகுதல் நிகழ்ந்தால் அன்றே மாதப் பிறப்பு. மறைந்தபின் நிகழ்ந்தால் மறுநாள் என்பது தமிழக வழக்கு. பெரும்பாலும் அது ஏப்ரல் 14ஆம் நாளில் அமையும். பகலும் இரவும் ஒத்திருக்கும் நாளோ மார்ச் 20 அல்லது 21இல் வந்துவிடுகின்றது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இவ்விரண்டும் ஒன்றையொன்று ஒட்டியே அமைந்திருந்தன. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலைசுற்றுவதால், ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் அவை விலகி, இன்று மூன்று வாரங்களுக்கும் மேற்பட்ட இடைவெளி ஏற்பட்டுள்ளது. முன்னோர் கணக்கிற் பிழையில்லை. காலம் நெடிது ஓடிவிட்டது, அவ்வளவே.

மரத்தின் விடையைக் காண அசோக் நகருக்குள் ஒருமுறை நடந்தாற் போதும். 1960களில் குடியிருப்புப் பகுதியாக உருவான இவ்விடம், எண்ணிட்ட அவென்யூக்களையும் நான்முகச் சிங்கம் தாங்கிய அசோகத் தூணையும் அடையாளமாகக் கொண்டது. 2015ஆம் ஆண்டு ஜூன் 29 முதல் மெட்ரோ இரயிலும் இங்கு நின்று செல்கின்றது. தனி வீடுகள் பல இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழுந்துவிட்டன. எனினும் சுற்றுச்சுவரின் ஓரத்தில் வேம்பு நிற்கும் இல்லங்கள் இன்னும் இருக்கின்றன. பங்குனியில் அம்மரம் தளிர்விட்டு, சித்திரை நெருங்குகையில் வெண்ணிறச் சிறு பூக்களைக் கொத்துக் கொத்தாகத் தாங்கி நிற்கும். மாலைக் கடற்காற்று வீசுங்கால் அதன் மெல்லிய மணம் மூன்றாம் மாடி வரை ஏறி வரும். நகரத்தின் இளவேனில் இதுதான். இதனை எவரும் விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை.

இப்பூவைத் திரட்டுவதிலிருந்தே இல்லத்தின் விழாவைத் தொடங்கலாம். கிளையை முறித்தல் கூடாது. இரவில் மரத்தடியைப் பெருக்கி, பழைய வேட்டி ஒன்றை விரித்து, நான்கு மூலைகளிலும் சிறு கற்களை வைத்துவிட்டால், விடியற்காலையில் பூக்கள் அதில் உதிர்ந்து கிடக்கும். வண்டிகள் நிறுத்தும் இடத்தில் விரித்தால் புகையும் எண்ணெய்க் கறையும் படியும். ஆதலால் மரத்தின் கிளை கவிந்திருக்கும் மொட்டை மாடியே உத்தமம். பிள்ளைகளை இதற்கு அழைத்துச் செல்லுங்கள். காம்பையும் சருகையும் பொறுக்கி நீக்கும் வேலையைப் பாட்டியும் பேரனும் அருகருகே அமர்ந்து செய்தால், அரை மணி நேரத்தில் ஒரு படி பூ தேறும். ஓராண்டுக்கு வேண்டிய கதைகளும் அதற்குள் பேசி முடியும்.

இனி, கனி காணுதல். நெல்லை, குமரி மாவட்டங்களிலும் கொங்கு நாட்டிலும் வேரூன்றிய வழக்கம் இது. சென்னை இல்லங்கள் பலவற்றிலும் இடம்பெற்றுள்ளது. முதல் நாள் இரவே பூசை அறையில் ஒரு தட்டில் பழங்கள், வெற்றிலை பாக்கு, மலர், சிறிது அரிசி, பருப்பு, நாணயம், பொன் ஆகியவற்றைப் பரப்பி, பின்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைப்பர். விடியலில் எழுவோர் முதலில் இத்தட்டில் கண் விழிப்பர். முக்கனியும் வேண்டும் என்பது முறை. ஆயினும் மாவும் பலாவும் அவ்வாரத்தில் விலையேறி நிற்பதை இல்லறத்தார் அறிவர். ஒரு மாங்காயும் இரண்டு வாழைப்பழமும் வைத்தால் தெய்வம் முகம் சுளிக்காது. பொன் வைக்க இயலாத இல்லத்தில் மஞ்சள் கிழங்கு ஒன்று பொன்னிறத்தோடு அவ்விடத்தை நிரப்பும். கடன் பெற்றுத் தங்கம் வாங்கி அத்தட்டில் வைப்பது இவ்வழிபாட்டின் கருத்துக்கே மாறானது.

இத்தட்டினை அடுக்க வேண்டியவர் யார் என்பதைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் நோற்கப்படும் காரடையான் நோன்பை யாவரும் அறிவீர்கள். காராமணியும் வெல்லமும் சேர்ந்த அடையைச் சாவித்திரியை நினைந்து படைத்து, மஞ்சள் சரடு அணியும் நோன்பு அது. சுமங்கலிகளுக்கும் கன்னியருக்கும் உரியதாகவே அது வழங்கி வருகின்றது. கணவரை இழந்த பெண்மணி அன்று சமையலறையில் மாவை வறுத்துக் கொடுத்துவிட்டு, பூசை நேரத்தில் பின்கட்டுக்குச் சென்றுவிடுவதை எத்தனையோ இல்லங்களில் கண்டிருக்கின்றோம். அடுத்த முப்பது நாள்களில் வரும் சித்திரைப் பிறப்போ அத்தகைய வரம்பு எதனையும் கொண்டதன்று. இதற்குச் சரடு இல்லை. தாம்பத்தியத்தைக் குறித்த வேண்டுதலும் இல்லை. ஞாயிற்றுக்கும் பருவத்திற்கும் உரிய நாள் இது. ஞாயிறு எல்லார் தலைமீதும் ஒன்றுபோலவே எழுகின்றது.

அங்ஙனமிருந்தும் பழைய அச்சம் இந்நாளிலும் சில இல்லங்களில் நுழைந்துவிடுகின்றது. விடியலில் கைம்பெண்ணின் முகத்தில் விழித்தால் ஆண்டு முழுதும் ஆகாது என்று எண்ணி, மூதாட்டியை அறைக்குள்ளேயே இருக்கச் சொல்வோரும் உளர். அத்தட்டின் பின்னுள்ள கண்ணாடியை அவர்கள் மறந்துவிட்டனர். கனி காணும் எவரும் முதலில் காணும் முகம் அவரவர் முகமே. புத்தாண்டின் நன்மை தீமைகளுக்குப் பிறர் முகத்தைப் பொறுப்பாக்க இடமில்லாதபடி அல்லவா அக்கண்ணாடி அங்கே நிற்கின்றது! ஆதலின் இல்லத்தின் மூத்தவர் எவரோ, அவரே கனித்தட்டினை அடுக்கட்டும். அவர் கணவரை இழந்த பாட்டியாயின் மிக நன்று. விடியலில் அவர்தம் கையாலேயே பிள்ளைகளின் கண்களைப் பொத்தி அழைத்து வந்து, தட்டின் முன் நிறுத்தி, கையைத் திறந்து காட்டட்டும். காசும் அவரே கொடுக்கட்டும்.

அடுத்து வேப்பம்பூப் பச்சடி. நடுத்தர அளவுள்ள மாங்காய் ஒன்றைத் தோல் சீவித் துண்டுகளாக்கி, சிட்டிகை மஞ்சள் தூளும் உப்பும் சேர்த்து, மூழ்கும் அளவு நீரில் வேகவைக்கவும். நன்கு குழைந்தபின், துருவிய வெல்லம் ஒரு கிண்ணம் இட்டு, கரைந்து சேர்ந்து வரும்வரை கொதிக்க விடவும். புளிப்பு மிகுந்த காயாயின் வெல்லத்தைக் கூட்டுக. நெய்யில் கடுகும் மிளகாய் வற்றல் ஒன்றும் தாளித்துக் கொட்டவும். இறுதியாக, ஒரு கரண்டி வேப்பம்பூவைத் தனியே நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, பரிமாறும் வேளையில் மேலே தூவவும். முன்கூட்டியே சேர்த்துக் கொதிக்கவிட்டால் கசப்பு முழுவதும் இறங்கி, பிள்ளைகள் தட்டை ஒதுக்கிவிடுவர். வெல்லத்தின் இனிப்பு, மாங்காயின் புளிப்பு, பூவின் கசப்பு, மிளகாயின் கார்ப்பு, உப்பின் உவர்ப்பு, மஞ்சளின் துவர்ப்பு என அறுசுவையும் ஒரு கரண்டியில் அடங்கும்.

இப்பச்சடியோடு சோறு, பருப்பு, ஒரு குழம்பு, ஒரு கறி, வடை அல்லது பாயசம் இவற்றில் ஒன்று இருந்தால் இலை நிறைந்துவிடும். பதினைந்து பதார்த்தம் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. விடியல் நான்கு மணிக்கு அடுப்பின் முன் நின்ற அன்னையர், பிற்பகல் மூன்று மணிக்கு ஆறிய சோற்றை நின்றுகொண்டே உண்பது விழாவாகாது. அலுவலகம் செல்லும் பெண்களுக்கு அந்த ஒரு நாள் விடுமுறையும் இவ்வாறே கழிந்துவிடுகின்றது. தேங்காய் துருவுதல், வெல்லம் பொடித்தல், இலை நறுக்குதல், பாத்திரம் துலக்குதல் ஆகியவற்றை ஆடவர் ஏற்றுக்கொண்டால், அனைவரும் ஒரே பந்தியில் அமர இயலும். இதனைச் சிறிய செய்தி என்று எண்ண வேண்டா.

மாலையில் பஞ்சாங்கம் வாசித்தல் தொன்றுதொட்டு வரும் மரபு. வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து அங்கங்களை உடைமையால் அது பஞ்சாங்கம் எனப்பட்டது. பிரபவ முதல் அட்சய ஈறாக உள்ள அறுபது ஆண்டுகளுள் பிறந்த ஆண்டின் பெயர் யாது, மழை எவ்வளவு, ஆதாயம் விரயம் எவ்வளவு என அதிற் காணலாம். திருக்கோயில்களில் இதனைப் பலரறியப் படிப்பர். இல்லத்திலோ பள்ளி செல்லும் பிள்ளை படிக்கட்டும். ஆங்கில வழியிற் பயிலும் பிள்ளைக்கு அதன் தமிழ் கடினமாகவே இருக்கும். தடுமாறும் இடத்தில் தாத்தா எடுத்துக் கொடுப்பார். படித்த பின்னர், வாய்ப்புள்ளோர் அருகிலுள்ள வடபழநி ஆண்டவர் திருக்கோயிலுக்கோ தம் தெருக் கோயிலுக்கோ சென்று வரலாம். கூட்டம் மிகுதியாயின், முதியோர் மறுநாள் சென்றாலும் குறைவில்லை.

வேம்பும் வெல்லமும் சேர்ந்த இப்படையல் நமக்கே உரியதும் அன்று. தெலுங்கு பேசும் நம் அண்டை வீட்டார் சில நாள்களோ வாரங்களோ முன்னதாகச் சாந்திரமான முறைப்படி உகாதி கொண்டாடுகையில், அவர்தம் பச்சடியிலும் வேப்பம்பூவே விளங்குகின்றது. இலங்கைத் தமிழர் மூலிகைகளை இட்டுக் காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் வைத்து நீராடிப் புத்தாண்டைத் தொடங்குவர். பெரியோர் தரும் கைவிசேடம் அவர்களிடத்தே சிறப்புடையது. நெல்லைச் சீமையின் பாபநாசத்தில், சித்திரை விசுவன்று அகத்திய முனிவருக்கு இறைவன் திருமணக் கோலம் காட்டியருளும் விழா நிகழ்கின்றது. மதுரையில் திருமலை நாயக்கர் எழுப்பிய புது மண்டபமோ, வசந்த விழாவில் அம்மையும் அப்பனும் வெம்மை தணிந்து எழுந்தருளுவதற்கென்றே அமைந்தது. இறைவனுக்கே குளிர்ச்சி தேடித் தந்த மரபு நம்முடையது. அதனை நினைந்து, அன்று வாயிலில் ஒரு பானையில் நீர்மோரோ பானகமோ வைத்து, தபால்காரருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் வழங்கினால் எத்துணை நன்று!

இல்லத்தைச் செம்மை செய்யும் பணிகளும் இப்பருவத்தை ஒட்டியே அமைந்தவை. மாசி பங்குனியில் புதுப்புளி சந்தைக்கு வரும். வாங்கிக் கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்து உலர்த்தி, பானையில் அடைத்துவிட்டால் ஓராண்டுக்குக் கவலையில்லை. மாவடு ஊறுகாய்க்கும் காலம் இதுவே. வடாம் இடுவோர் பங்குனி வெயிலைத் தவற விடமாட்டார்கள். அடுக்கக மாடியில் இடம் ஒன்றே, குடும்பங்களோ பல. நாள் பகிர்ந்துகொண்டால் பூசல் எழாது.

பச்சடிக்குப் போக மிஞ்சிய பூவை எறிந்துவிடாதீர்கள். துணியிற் பரப்பி நல்ல வெயிலில் மூன்று நாள் காயவைத்தால், அது சுருங்கிப் பழுப்பு நிறம் எய்தும். ஈரமற்ற கண்ணாடிக் குப்பியில் இட்டு இறுக மூடி வைக்கவும். ஐப்பசி மழையில் இல்லத்தில் எவருக்கேனும் வாய் கசந்து உணவு செல்லாத நாளில், ஒரு கரண்டி எடுத்து நெய்யில் வறுத்து, புளி இரசத்தில் இடலாம்.