சங்கத்து அலுமாரிக்கு வெளியே



பாரிஸ் லாச்சப்பலில் தமிழ்ப் புத்தகங்களுக்கென்று தனி நூலகம் வேண்டும், சங்கங்கள் காசு சேர்க்க வேண்டும் என்று வாசகரான நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் இந்த வாடகையில் ஓர் அறை எடுத்து, அலுமாரி வாங்கி, திறப்பைச் செயலாளரிடம் கொடுத்தால், அவர் வேலைக்குப் போகிற நாளெல்லாம் நூலகமும் பூட்டித்தான் கிடக்கும்.

றூ பஜோலில் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர்கள் அதே தெருவில் பழைய ரயில் சரக்குக் கொட்டகையைக் கண்டிருப்பார்கள். 1926இல் கட்டியது. அதற்குள் 2013 முதல் வாக்லாவ் ஹாவல் நூலகம் இயங்குகிறது. நகரசபையின் நூலகம். உள்ளே இருந்து படிக்க விசாவும் கேட்கமாட்டார்கள், காசும் கேட்கமாட்டார்கள். புத்தகம் இரவல் எடுப்பதும் இலவசம். 2015 யூனில் மெத்ரோப் பாலத்தடியிலிருந்து கிளப்பப்பட்ட அகதிகள் பலர் இந்தக் கொட்டகைக்கு முன்னால்தான் வந்து படுத்தார்கள். நூலகம் அவர்களை உள்ளே விட்டது, பிரெஞ்சு பேசிப் பழக இடம் கொடுத்தது. அதற்கு வெளியிலிருந்தும் ஆட்கள் வந்து கைகொடுத்தார்கள்.

சனமும் சபையும் சேர்ந்து நூலகம் வளர்ப்பது எங்களுக்குப் புதிதில்லை. யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் எரித்ததை நாங்கள் மறக்கவில்லை. அது தொடங்கிய விதத்தைத்தான் குறைவாகப் பேசுகிறோம். 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டிலிருந்தே புத்தகம் இரவல் கொடுத்தார். ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். அடுத்த வருடம் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறை. 1935இல் உள்ளூராட்சி சபை பொறுப்பேற்றது. எரிந்த சுமார் 97,000 நூல்களும் சனமும் சபையும் சேர்ந்து சேர்த்தவை.

இங்கே பிரான்சில் 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு பேர் போதும், சங்கம் பதியலாம். ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், தமிழ்ச்சோலைப் பள்ளி என்று எங்களுக்குக் குறைவேயில்லை. அதில் ஒன்று போய் ஹாவல் நூலகத்தின் நூலகரைச் சந்திக்கட்டும். வீட்டில் தேங்கிய பழைய புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டு போகவேண்டாம். அது அவர்களுக்குச் சுமை. கதை சொல்ல ஆள் தருகிறோம் என்று கேளுங்கள். புதன் பின்னேரம் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. ஓர் அம்மம்மா நரிக்கதையைத் தமிழில் சொல்ல, பேத்தி அதையே பிரெஞ்சில் சொன்னால், பக்கத்தில் இருக்கிற மாலிப் பிள்ளையும் வாய் பிளந்து கேட்கும்.

நாலு தரம் அப்படிப் போய்வந்த பிறகு தமிழ்ப் புத்தகம் வாங்கச் சொல்லிக் கேளுங்கள். அப்போது கையில் பட்டியல் இருக்கட்டும். ஷோபாசக்தி இந்த நாட்டில் இருந்து எழுதுகிறவர். அவருடைய கதைகள் பிரெஞ்சிலும் வந்திருக்கின்றன. தமிழ்ப் பதிப்பையும் பிரெஞ்சுப் பதிப்பையும் ஒரே தட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

வருகிற நிர்வாகக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுங்கள். கதை சொல்ல ஆள் கிடைக்காவிட்டால் எழுதுங்கள், நான் வருகிறேன்.