தொட்டிக்கு நான்கு கால்கள்

குளியல் தொட்டி பிறந்த இடம் குளியலறை என்றே பலரும் நினைப்பர். குளியலறைச் சாதனங்களுக்குப் பெயர்பெற்ற கோலர் நிறுவனத்தின் முதல் தொட்டியோ குதிரைகள் நீர் அருந்துவதற்காகச் செய்யப்பட்டது!

ஜான் மைக்கேல் கோலர் ஆஸ்திரியாவில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே குடும்பத்துடன் அமெரிக்காவில் குடியேறினார். 1873ஆம் ஆண்டு, விஸ்கான்சின் மாநிலத்தின் ஷெபாய்கன் நகரில், தம் மாமனாரின் இரும்பு வார்ப்பகத்தைக் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து வாங்கினார். கலப்பை முதலிய உழவுக் கருவிகளே அங்கு முதலில் உருவாயின.

1883ஆம் ஆண்டு, வார்ப்பிரும்புத் தொட்டி ஒன்றுக்கு அவர் எனாமல் பூசினார். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் கண்ணாடித் தூளைத் தூவுவதே எனாமல் பூசும் முறை. தூள் உருகி இரும்போடு ஒன்றிவிடும். ஆறியதும் வழவழப்பான பூச்சாக மாறும். அது துருவைத் தடுக்கும். அழுக்கையும் எளிதில் ஒட்டவிடாது. நான்கு கால்களைப் பொருத்தினால் இதைக் குளிப்பதற்கும் பயன்படுத்தலாம் என்று தம் விற்பனைப் பட்டியலில் அவர் குறிப்பிட்டார். முதல் தொட்டியை வாங்கிய விவசாயி, அதற்கு விலையாக ஒரு பசுவையும் 14 கோழிகளையும் கொடுத்தாராம். நிறுவனத்தார் இன்றும் பெருமையுடன் சொல்லும் கதை இது. கதை எப்படியிருந்தாலும், கலப்பை செய்த வார்ப்பகம் மெல்ல மெல்லக் குளியலறைச் சாதனங்களுக்கு மாறியது.

1900ஆம் ஆண்டு ஜான் மைக்கேல் காலமானார். மகன்கள் மூவர் பொறுப்பேற்றனர். ஐந்தே ஆண்டுகளில் அவர்களுள் இருவர் இறந்துவிட, வால்டர் என்பவர் தனித்து நின்று நிறுவனத்தை நடத்தினார்.

அக்காலத்தில் தொழிற்சாலைகளைச் சுற்றி நெரிசலான, அழுக்கடைந்த குடியிருப்புகளே பெருகின. தம் தொழிலாளர்கள் அப்படி வாழக் கூடாது என்று வால்டர் எண்ணினார். ஐரோப்பாவிற்குச் சென்று அங்கிருந்த மாதிரிக் குடியிருப்புகளைப் பார்த்து வந்தார். பிறகு, தொழிற்சாலைக்கு அருகிலேயே மரங்களும் பூங்காக்களும் நிறைந்த ஊர் ஒன்றை அமைத்தார். அவ்வூருக்கும் கோலர் என்றே பெயர். வெளிநாடுகளிலிருந்து வேலை தேடி வந்தவர்களுக்காக 1918ஆம் ஆண்டு ‘அமெரிக்கன் கிளப்’ என்னும் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அங்கு அவர்கள் ஆங்கிலமும் கற்றனர். பின்னர் வால்டர் அம்மாநிலத்தின் ஆளுநராகவும் ஆனார்.

ஆனால், நல்ல வீடு கொடுத்த முதலாளி, தொழிலாளர்கள் தங்கள் விருப்பப்படி சங்கம் அமைப்பதை ஏற்கத் தயங்கினார். 1934ஆம் ஆண்டு ஜூலை மாதம் வேலைநிறுத்தம் வெடித்தது. பூங்காக்கள் நிறைந்த அதே ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்தது, இருவர் மாண்டனர், பலர் காயமுற்றனர்.

வால்டருக்குப் பின் அவருடைய தம்பி ஹெர்பர்ட் தலைமையேற்றார். சிக்கலும் அவருடன் தொடர்ந்தது. குடும்பத்திற்குச் செல்வம் சேர்த்த எனாமல் பிரிவில்தான் வேலை மிகக் கடினம். அங்கு உலையின் வெப்பம் தாங்க முடியாதது. மதிய உணவுக்கென்று தனி இடைவேளையும் இல்லை. தொட்டி உலைக்குள் இருக்கும் சில நிமிடங்களில், கொண்டுவந்த உணவைத் தொழிலாளர்கள் அவசரமாக விழுங்க வேண்டியிருந்தது. உணவு இடைவேளை, ஊதியம், ஓய்வூதியம் முதலிய கோரிக்கைகளுடன் 1954ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவர்கள் மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அண்ணன் வேலைநிறுத்தத்தில், தம்பி தொழிற்சாலைக்குள் என்று குடும்பங்களே இரண்டுபட்டன. நிறுவனம் நேர்மையாகப் பேச்சுவார்த்தை நடத்தவில்லை என்று 1960ஆம் ஆண்டு தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் தீர்ப்பளித்தது. ஊதியத்தை இழந்தவர்களுக்கும் ஓய்வூதிய நிதிக்குமாக 4.5 மில்லியன் டாலர் வழங்க 1965ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவனம் ஒப்புக்கொண்டது. வழக்கு அத்துடன் முடிந்தது. ஒரே தெருவில் வாழ்ந்தவர்களிடையே மூண்ட பகை அவ்வளவு விரைவில் தீரவில்லை.

ஹெர்பர்ட்டுக்கும் அதே பெயர் கொண்ட அவருடைய மகனுக்கும் இளமையில் ஒத்துப்போகவில்லை. மகனுக்கு நாடகத்தில்தான் நாட்டம். இருந்தும், தந்தை இறந்த பிறகு, 1972ஆம் ஆண்டு அவரே நிறுவனத்தின் தலைவரானார். 1974ஆம் ஆண்டு முதல் ஓவியர்களும் சிற்பிகளும் தொழிற்சாலைக்கு அழைக்கப்பட்டனர். தொட்டி வார்க்கும் தொழிலாளர்களுக்குப் பக்கத்திலேயே நின்று, அதே இரும்பிலும் எனாமலிலும் அவர்கள் கலைப்படைப்புகளைச் செய்தனர். 2015ஆம் ஆண்டு நிர்வாகப் பொறுப்பு அவருடைய மகன் டேவிட்டிடம் வந்தது. அவர் நான்காம் தலைமுறை.

தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட ‘அமெரிக்கன் கிளப்’ 1981ஆம் ஆண்டு முதல் ஆடம்பரத் தங்கும் விடுதியாக இயங்கி வருகிறது. வார்ப்பகத்து வேலை முடிந்து வந்தவர்கள் ஒன்றாக அமர்ந்து உண்ட கூடத்தில், இப்போது விருந்தினர்கள் நிதானமாக உணவருந்துகின்றனர்.