இதயத்தில் ஓட்டையுள்ள குழந்தையும் வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளும்



நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் கைக்குழந்தைகளுக்காக வருபவை தனி ரகம். பெரியவர்களுக்கான மனு என்றால் கொண்டு வருபவர் நோயைப் பற்றி விவரமாகப் பேசுவார். கைக்குழந்தைக்காக வரும் தகப்பன் தாளை நீட்டிவிட்டுப் பேச்சு வராமல் நிற்பார். இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று, விரலைப் பிடித்தபடி ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் கூட்டி வந்திருப்பார். மனுவில் அந்த இரு பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. இந்த மாதப் பாடத்தில் நோயுள்ள குழந்தையோடு சேர்த்து அவர்களைப் பற்றியும் பேசுவோம்.

நோய் என்று பொதுவாகப் பேசினால் விளங்காது. ஆகவே பிறவி இதயக் குறையை எடுத்துக்கொள்கிறேன். உலகில் எங்கே பார்த்தாலும் 1000 குழந்தைகள் பிறந்தால் எட்டு அல்லது ஒன்பது குழந்தைகளுக்கு இதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. நம் ஊரில் மட்டும் வருவது அன்று. யார் வீட்டின் பாவத்துக்கும் கூலி அன்று.

தாயின் வயிற்றில் இருக்கும்போது சிசுவின் நுரையீரலுக்கு வேலை இல்லை. மூச்சுக்கு வேண்டியது தொப்புள்கொடி வழியே வந்துவிடுகிறது. அதனால் இரத்தம் நுரையீரலுக்குள் போகாமல் சுற்றிச் செல்வதற்கு, இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஒரு திறப்பையும், இதயத்திலிருந்து புறப்படும் இரு பெரிய இரத்தக் குழாய்களை இணைக்கும் சிறு குழாய் ஒன்றையும் அல்லாஹ் அமைத்திருக்கிறான். பிறந்து மூச்சு இழுக்கத் தொடங்கியதும் இவை மூட ஆரம்பிக்கும். சில குழந்தைகளுக்கு மூடாமல் நின்றுவிடும். வேறு சில குழந்தைகளுக்குக் கீழறைகளைப் பிரிக்கும் சுவரே முழுதாக உருவாகாமல் ஓட்டை விழுந்திருக்கும். அதிகம் காணப்படுவது இந்தக் கீழறைச் சுவர் ஓட்டைதான்.

"ஓட்டை" என்று டாக்டர் சொன்ன உடனே வீட்டில் அழுகை கிளம்பிவிடுகிறது. சிறிய ஓட்டைகளில் பல, குழந்தை வளர வளரத் தாமாகவே மூடிவிடும். சொன்ன தேதியில் கொண்டுபோய் எக்கோ பரிசோதனை செய்துகொண்டால் போதும். பெரிய ஓட்டைதான் கவலைக்குரியது. அதுவோ பிறந்த அன்று தன்னைக் காட்டிக்கொள்ளாது. முதல் சில வாரங்கள் நுரையீரலில் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் ஓட்டை வழியே அதிக இரத்தம் பாய்வதில்லை. அழுத்தம் குறையக் குறைய, ஒன்றரை இரண்டு மாத வாக்கில், நுரையீரலுக்குள் இரத்தம் வெள்ளம்போல் ஏறும். அதுவரை நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று இளைத்துவிட்டதே என்று உம்மா கலங்குவதும், யாரோ கண்வைத்துவிட்டார்கள் என்று பேச்சு வருவதும் அந்தக் காலத்தில்தான்.

கண்டுகொள்ளும் வழி பால் கொடுக்கும் தாயின் கையில் இருக்கிறது. இரண்டு வாய் குடித்துவிட்டு இளைத்து விட்டுவிடும், மறுபடியும் பசியால் அழும். மின்விசிறிக்குக் கீழே இருந்தும் பால் குடிக்கையில் நெற்றி வியர்க்கும். எடை ஏறாது. சளி அடிக்கடி நெஞ்சில் கட்டும். தூங்கும்போது சட்டையைத் தூக்கி, கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50. அந்த அளவை எட்டினாலோ தாண்டினாலோ, மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். உதடும் நாக்கும் நீலம் பூத்தால் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். கொரோனா காலத்தில் நாம் விரலில் மாட்டிப் பார்த்த அந்தச் சிறு கருவியைப் போன்ற ஒன்றை, பிறந்த குழந்தையின் காலில் வைத்துப் பார்த்தாலே சில கடுமையான குறைகள் தெரிந்துவிடும். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருமுன், "காலில் ஆக்சிஜன் பார்த்துவிட்டீர்களா?" என்று நர்ஸிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பெரியவர்கள் சொல்லும் ஒரு யோசனையால்தான் அதிகம் கெடுகிறது. "பிள்ளைக்குக் கொஞ்சம் சதை போடட்டும், பிறகு ஆபரேஷன் பார்க்கலாம்." அன்பினால் சொல்வதுதான். ஆனால் உண்ணும் பாலின் சத்தெல்லாம் மூச்சு வாங்குவதிலேயே செலவாகிறபோது சதை எங்கிருந்து போடும்? ஓட்டையை அடைத்தால்தான் எடை ஏறும். காத்திருக்கும் காலத்தில் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் தடித்து இறுகுகின்றன. அது ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால், பிறகு ஓட்டையை அடைக்கவே கூடாது என்று டாக்டர்கள் கைவிரித்துவிடுவார்கள். ஆறு மாதத்தில் செய்திருந்தால் மற்றப் பிள்ளைகளைப்போல் ஓடியாடியிருக்கும் குழந்தை, ஆயுள் முழுதும் மூச்சு வாங்கும். எப்போது செய்வது என்பதை இதய மருத்துவர் சொல்லட்டும். தெருவில் முடிவு செய்ய வேண்டாம். மருந்து கொடுத்துக் காக்கச் சொல்வதும் உண்டு. அது வேறு, அதற்கு ஒரு தேதி இருக்கும்.

ஓதிப் பார்ப்பதையும் துஆவையும் யாரும் விடச் சொல்லவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஒரு தோழருக்குச் சொன்னது நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆபரேஷன் தேதிதான் இங்கே அந்தக் கயிறு.

இனிச் செலவு. விசைப்படகில் போகும் குடும்பத்துக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் அடுப்பு எரிவதே பாடு. சபராளி குடும்பங்களிலும் எல்லார் கையிலும் பணம் இல்லை. ஆனால் முதல் வாசல் கடன் வாங்குவது அன்று. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். அவர்கள் தேடும் 30 குறைகளில் பிறவி இதயக் குறையும் ஒன்று. அவர்கள் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். குழந்தைகளின் இதய ஆபரேஷனும் அதில் அடங்கும். குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று ஆகியவற்றோடு ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனால் அட்டை எடுக்கலாம். பிறப்புச் சான்றையும், குழந்தையின் பெயரைக் குடும்ப அட்டையில் சேர்ப்பதையும் தள்ளிப் போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் 104-இல் கேளுங்கள். காப்பீடு ஆபரேஷனைப் பார்த்துக்கொள்ளும். மதுரைக்கும் சென்னைக்கும் போய்வரும் செலவும், உடன் இருப்பவர் சாப்பாடும், வேலை போன நாட்களும் குடும்பத்தின் தலையில்தான். பைத்துல்மால் உதவியை நாம் அங்கே வைத்திருப்பது அதனால்தான்.

பணத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 2003 ஜூலையில் டெல்லி - லாகூர் பேருந்து மீண்டும் ஓடத் தொடங்கியபோது, லாகூரிலிருந்து வந்த முதல் பேருந்தில் இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தி பெற்றோருடன் வந்தாள். பெங்களூரு நாராயண ஹிருதயாலயாவில் அவளுடைய இதய ஓட்டைகளை அடைத்து அனுப்பினார்கள். முன்பின் அறியாத எத்தனையோ பேர் அவளுக்காகப் பிரார்த்தித்தார்கள், பணமும் அனுப்பினார்கள். வந்த பணத்தை ஏழைக் குழந்தைகளின் சிகிச்சைக்கே விட அந்தப் பெற்றோர் முன்வந்தார்கள். நம் ஊரில் ஒரு குழந்தைக்காகக் கைப்பேசியில் வசூல் நடக்கும்போது, மிச்சப்பட்டால் அது அடுத்த குழந்தைக்கு என்று முதலிலேயே எழுதிப் போட்டுவிட்டால் பின்னால் மனவருத்தம் வராது.

இப்போது வீட்டுக்குள் வருவோம். நோய் தெரிந்ததும் முதலில் அடிபடுபவள் தாய். "கிரகணத்தில் வெளியே போனாயா? எதையாவது பார்த்துப் பயந்தாயா?" மாமியார் வீட்டில் ஒரு கேள்வி, அக்கம்பக்கத்தில் ஒரு கேள்வி. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் ஒன்றரை வயதுகூட நிரம்பாத குழந்தையாக இறந்த நாளில் சூரிய கிரகணம் வந்தது. அந்தக் குழந்தையின் மவுத்துக்காகவே கிரகணம் பிடித்தது என்று மக்கள் பேசினார்கள். பெருமைப்படுத்தும் பேச்சுத்தான், ஆனாலும் நபியவர்கள் அதை விட்டுவைக்கவில்லை. சூரியனும் சந்திரனும் யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று எழுந்து சொன்னார்கள். மகனைப் பறிகொடுத்த அந்த நேரத்திலேயே இதைத் திருத்த வேண்டும் என்று கருதியிருக்கிறார்கள் என்றால், ஒரு தாயின் மேல் கிரகணப் பழியைப் போடும் நாம் எங்கே நிற்கிறோம்?

அதே இப்ராஹீம் மதீனாவின் மேட்டுப்புறத்தில் ஒரு கொல்லர் வீட்டில் பாலூட்டி வளர்க்கப்பட்டார். நபியவர்கள் அங்கே நடந்து போவார்கள், உலைப்புகை நிறைந்த வீட்டுக்குள் நுழைந்து குழந்தையை வாங்கி முத்தமிட்டுத் திரும்புவார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. குழந்தையின் கடைசி நேரத்தில் அவர்களின் கண்ணில் நீர் வழிந்ததைப் பார்த்து அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வியந்து கேட்டபோது, அது இரக்கம் என்று பதில் வந்தது. ஆகவே குழந்தையின் தொட்டிலருகே அழும் வாப்பாவைப் பார்த்து "ஆம்பளை அழலாமா, ஈமான் இல்லையா?" என்று கேட்பதை நிறுத்திக்கொள்வோம். எல்லாம் செய்த பிறகும் சில குழந்தைகள் அல்லாஹ்விடம் போய்விடுகிறார்கள். அந்த வீட்டுக்கும் நாம் இதே வாய்களோடுதான் போகிறோம்.

மற்றப் பிள்ளைகளின் நிலை என்ன? உம்மா மதுரையில், வாப்பா அலைச்சலில். மூத்தது ஒரு வீட்டில், நடுவுள்ளது இன்னொரு வீட்டில் என்று பிரித்து விடுகிறோம். "கடைக்குப் போய் வர்றேன்" என்று சொல்லி நழுவிய உம்மா பத்து நாள் வரவில்லை என்றால், அடுத்த முறை அவள் பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் பிள்ளை முந்தானையைப் பிடித்து அலறும். மூன்று வயதுப் பிள்ளை மறுபடியும் படுக்கையை நனைக்கும். ஏழு வயதுப் பிள்ளை காலையில் வயிற்று வலி என்று பள்ளிக்கூடம் போக மறுக்கும். அடிக்காதீர்கள். அது வலியும்தான்.

ஐந்து வயதுப் பையன் ஒருவன் என் மேசையருகே நின்றுகொண்டு, அவன் வாப்பா வெளியே போன சமயத்தில், "நான் பாப்பா வேணாம்னு சொன்னேன், அதான் அதுக்கு நெஞ்சு ஓட்டையாயிட்டுதா, மாமா?" என்று கேட்டான். இந்த வயதில் பிள்ளைகள் அப்படித்தான் நினைப்பார்கள்: தாம் நினைத்ததால் நடந்துவிட்டது என்று. கேட்பவன் ஒருவன், கேட்காமல் உள்ளே வைத்திருப்பவர்கள் பலர். அதனால் அவர்கள் கேட்குமுன் நாமே சொல்லிவிட வேண்டும். "பாப்பா பிறக்கும்போதே நெஞ்சுக்குள்ள ஒரு சின்ன ஓட்டை இருந்தது. நீ செஞ்சதாலயும் இல்ல, நான் செஞ்சதாலயும் இல்ல. டாக்டர் அதைத் தைப்பாங்க. உம்மா பத்து ராத்திரி அங்க இருப்பேன். தினமும் மஃரிபுக்குப் பிறகு போன்ல பேசுவேன்." இவ்வளவு போதும். பேசுவேன் என்று சொன்ன நேரத்தில் பேசிவிட வேண்டும். குழந்தை கட்டாயம் நல்லாகி வந்துவிடும் என்று சத்தியம் செய்ய வேண்டாம். "துஆ செய்வோம்" என்பது பொய்யில்லாத பதில்.

முடிந்தவரை பிள்ளைகளை அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் தலையணையிலேயே தூங்க விடுங்கள். உம்மம்மாவோ ராத்தாவோ அங்கே வந்து தங்கட்டும். பள்ளிக்கூடமும் மாலை மதரஸாவும் நிற்க வேண்டாம். ஆசிரியரிடமும் உஸ்தாதிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பாடம் வராததற்குக் காரணம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். வாப்பாமார்களுக்கு: நபியவர்கள் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழுவித்தார்கள், ஸுஜூதின்போது இறக்கிவிட்டு, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். மகளுக்குத் தலை வாரிவிடுவதும் சோறு ஊட்டுவதும் நம் தகுதிக்குக் குறைவு என்று நினைக்க அதன் பிறகு இடமில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் மற்றப் பிள்ளைகள் ஆசையாக ஓடிவந்து தூக்கப் பார்ப்பார்கள். நெஞ்செலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். அதுவரை கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கையைத் தலைக்கும் மறு கையைப் பிட்டத்துக்கும் கொடுத்துத் தூக்க வேண்டும். சிறுவர்களைத் தடுத்து விரட்டாமல், உட்கார வைத்து மடியில் கொடுங்கள். சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத் தொடும் வேலையை அவர்களுக்கே பொறுப்பாகக் கொடுத்தால் பெருமையோடு செய்வார்கள். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் இருமலோடு வர வேண்டாம். வாசலில் நின்று ஸலாம் சொல்லிச் சோற்றுப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போனாலும் நோய் விசாரித்த நன்மை உண்டு, இன்ஷா அல்லாஹ். தின்பண்டம் கொண்டுவந்தால் மூத்த பிள்ளையின் கையில் கொடுங்கள்.

இப்படி ஒரு வீட்டில் பத்து நாள் தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும், பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், ஒருவேளைச் சோறு ஆக்கிக் கொடுக்கவும் மனமுள்ள தாய்மார்களின் பட்டியல் ஒன்றை எழுதி வைக்க இருக்கிறோம். எந்தச் சமுதாயத்து வீடாக இருந்தாலும் அழைப்பு வரும். பெயர் தர விரும்புபவர்கள் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள். எந்தத் தெரு, எத்தனை நாள் முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.