வெட்டவெளியில் வைக்கோல் கட்டு: மழையில் கெடாமல் காப்பது எப்படி?



சேலம், நாமக்கல் பக்கம் மளிகையோடு தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை விற்கும் நம்மவர்களில் பலர் வைக்கோல் கட்டும் வாங்கி விற்கிறோம். நமது மேட்டாங்காட்டுக்குச் சோளத்தட்டுதான் பழைய தீவனம். மழை குறைந்த வருடம் தட்டு போதாது. அப்போது தஞ்சாவூர், திருவாரூர் பக்கமிருந்து லாரியில் வரும் வைக்கோல்தான் மாட்டுக்குக் கதி. குடோனில் மூட்டைகளுக்கே இடம் சரியாக இருக்கிறது. வைக்கோல் வெட்டவெளியில்தான் கிடக்கிறது. அதனால் நாம் பட்ட நஷ்டத்தையும், கற்ற பாடத்தையும் இங்கே எழுதுகிறோம்.

2021 அக்டோபரில் குறுவை வைக்கோல் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு லோடு இறக்கினோம். குடோனுக்குப் பின்னால் வெறும் தரையில் அடுக்கி, தார்ப்பாயைத் தரை வரை இழுத்து இறுக்கிக் கட்டினோம். பத்திரமாக இருக்கிறது என்றே எண்ணினோம். இருபது நாள் கழித்துப் பிரித்தால் புழுங்கிய வாடை. அடி வரிசை கறுத்து மண்ணோடு ஒட்டிக்கொண்டது. மேலே நன்றாகத் தெரிந்த கட்டுகளை மட்டும் பொறுக்கி விற்றோம். மூன்றாம் நாள் ராசிபுரம் பக்கத்து வாடிக்கைக்கார அம்மா ஒருவர் கட்டைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். "ஏனுங்க மொதலாளி, வெல கூடக்கூட வாங்கிக்குங்க, மாடு மோந்து பாத்துத் திங்கற கட்டாக் குடுங்க" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் அந்த அம்மா அதற்குப் பிறகு தவிடு வாங்கவும் வரவில்லை.

போர் வேறு, கட்டு வேறு

நம் பெரியவர்கள் போர் போட்டு வருடக்கணக்கில் வெளியில் வைத்திருந்தார்களே என்று கேட்கலாம். அன்று கையால் அறுத்து, களத்தில் அடித்த வைக்கோல் நீளமாக இருந்தது. தாளை வெளிப்புறம் சரிவாக வைத்து, உச்சியைக் கூம்பாக்கி முடித்தார்கள். கூரை வேய்ந்ததுபோல் மழைநீர் வழிந்து ஓடியது. இன்று மெஷின் அறுத்துப்போட்ட வைக்கோல் நசுங்கி, துண்டாகி, இன்னொரு மெஷினில் உருளையாகச் சுருட்டப்படுகிறது. இதில் சரிவு கிடையாது. போர் மழையை வழியவிடும். கட்டு மழையைக் குடிக்கும். பழைய பழக்கத்தை நம்பிப் புதுச் சரக்கை வைத்ததுதான் நாம் செய்த தவறு.

நஷ்டக் கணக்கையும் பாருங்கள். குறுக்களவு 2 அடி உள்ள உருளைக் கட்டில் சுற்றிலும் ஓர் அங்குலம் கெட்டால் நூற்றுக்கு 16 பங்கு போய்விடும். இரண்டு அங்குலம் கெட்டால் நூற்றுக்கு 30 பங்கு போகும். கட்டு 20 கிலோ என்று வைத்தால், 500 கட்டில் 10 டன்னுக்கு 3 டன் குப்பை. பார்வைக்கு மேல்தோல்தான் கெட்டதுபோல் இருக்கும். முதலில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும்.

வாங்கும்போது

1. தை, மாசியில் வரும் சம்பா வைக்கோல் வெயிலில் காய்ந்து வரும். மழையில் அறுத்த குறுவை வைக்கோல் ஈரத்தோடு வரும். மலிவு என்று ஏமாறக் கூடாது.

2. ஈரம் நூற்றுக்கு 15-க்குள் இருப்பது நல்லது. 20-ஐத் தாண்டினால் கட்டு தானே சூடேறும். இதைப் பார்க்க நம் கடைச் சரக்கே போதும். கட்டின் நடுவிலிருந்து உருவிய வைக்கோலைச் சிறு துண்டாக வெட்டி, உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, நன்கு காய்ந்த தூள் உப்பு ஒரு பிடி சேர்த்து மூடி, இரண்டு மூன்று நிமிடம் குலுக்குங்கள். உப்பு பிசுபிசுத்துக் கட்டியானால் ஈரம் அதிகம். உதிரியாக இருந்தால் வாங்கலாம்.

அடுக்கும்போது

3. மழைக்குச் சமமாகத் தரையும் கெடுக்கிறது. அடியிலிருந்து ஈரம் ஏறும். மேடான இடம் பார்த்து, சுற்றிலும் சிறு வாய்க்கால் வெட்டி, அரை அடி உயரக் கல் வைத்து, அதன்மேல் சவுக்குக் கட்டையோ தென்னை மரமோ போட்டு அடுக்க வேண்டும். அடியில் காற்று ஓட வேண்டும். மரத்தடி வேண்டாம்; மழை விட்டும் சொட்டு விடாது.

4. உருளைக் கட்டுகளைப் படுக்கவைத்து, முகத்தோடு முகம் சேர்த்து, கீழே ஐந்து, மேலே நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைத்துக்கொண்டே போனால் கூரைச் சரிவு தானே வரும். வடகிழக்குப் பருவமழை வரும் திசைக்குக் குறுகிய பக்கத்தைக் காட்டுங்கள். இரண்டு அடுக்குக்கு நடுவில் ஆள் நடக்க இடம் விடுங்கள்.

5. தார்ப்பாயின் கீழே உச்சியில் தென்னை ஓலை பரப்பினால் காற்றுக்கு இடம் கிடைக்கும். பாயின் உள்பக்க வியர்வை நேராகக் கட்டில் இறங்காது. பாயைத் தரையிலிருந்து ஓர் அடி மேலே நிறுத்துங்கள். மேலே கல் வைத்தால் பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்கும். ஓரத்தில் மணல் பையைக் கயிற்றில் தொங்கவிடுவதே முறை. ஓட்டையை அன்றே ஒட்டிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் வரும் கோடைமழைக் காற்று பாயையே தூக்கிவிடும். கயிற்றை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

6. ஒரு முனையிலிருந்தே எடுத்து விற்று, மாலையில் மூடிவிடுங்கள். புரட்டாசிக்குள் பாதிச் சரக்காவது போய்விட்டால், மீதியைக் கொட்டகைக்குள் கொண்டுபோகலாம்.

தீ ஜாக்கிரதை

7. ஈரக்கட்டு உள்ளுக்குள் சூடேறித் தானே தீப்பிடிப்பது உண்டு. முதல் மூன்று வாரம் நீண்ட இரும்புக் கம்பியை அடுக்கின் நடுவில் செருகி, கால் மணி நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். காற்றுப் பட்டவுடன் தீ எழும்பும். முதலில் 101-க்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வந்தபின் பிரியுங்கள். மின்கம்பியின் கீழே அடுக்காதீர்கள். லோடு லாரியும் கம்பியில் உரசாமல் வர வழி பாருங்கள். இன்சூரன்ஸ் இருந்தால், வெளியில் அடுக்கிய சரக்கும், தானே சூடேறி எரிவதும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கெட்டதை என்ன செய்வது?

இங்கேதான் வணிகரின் மனம் தடுமாறும். நனைந்த கட்டு எடை கூடும். எடை போட்டு விற்றால் தண்ணீருக்கும் காசு வரும். பூசணம் பிடித்த கட்டை நல்ல கட்டுகளுக்கு நடுவில் செருகினால் தெரியாது. ஆனால் மாட்டுக்குத் தெரியும். பூசண வைக்கோலைத் தின்ற எருமைகளுக்கு வால் நுனியும் காதும் குளம்பும் அழுகும் 'டெக்னாலா' என்ற நோய் உண்டு. பஞ்சாபில் டெக் ஓடைப் பக்கம் முதலில் கண்டதால் அந்தப் பெயர். ஒரு மாட்டை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பத்துக்கு அந்த நஷ்டம் தாங்காது. கெட்ட கட்டை எருக்குழிக்கு அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.

2021-இல் நாம் மிச்சம் பிடிக்க நினைத்தது தென்னங்கட்டைச் செலவும் இரண்டு நாள் ஆள்கூலியும். போனது பாதி லோடும், ஒரு வாடிக்கையும். லோடு அடுத்த வருடம் மறுபடியும் வாங்கினோம். வாடிக்கைதான் இன்னும் திரும்பவில்லை. அடுத்த லோடு இறங்கும் முன் கல்லும் கட்டையும் தயாராக இருக்கட்டும் நண்பர்களே.