கடலின் வெப்பப் படைகளும் நமது காலபோகமும்

கமக்காரர்களே! ஊர்காவற்றுறை, நெடுந்தீவு முதலிய தீவுகளில் நெல் விளைவது மாரி மழையினாலேயாம். அம்மழையோ தூரக் கடலின் வெப்பத்தையும் ஓரளவு பொறுத்தது.

கடலின் மேற்படை சூடானது, கீழ்ப்படை குளிர்ந்தது. 1997, 2019 ஆகிய ஆண்டுகளில் சுமாத்திராவை அடுத்துக் குளிர்நீர் மேலெழுந்தது. மேற்கு இந்து சமுத்திரம் சூடேறியது. இத்தகைய ஆண்டுகளில் இலங்கையில் ஐப்பசி, கார்த்திகை மழை பெரும்பாலும் மிகும்.

பூமி சூடேறுங்கால் இது எவ்வாறு மாறும் என அறிய, விஞ்ஞானிகள் கணனியிற் கடலைப் படைபடையாக வகுத்துக் கணிக்கின்றனர். எனினும் பல கணிப்புகள், படைகளின் எல்லையை மெய்யான ஆழத்திற் காட்டாமையால், ஏற்ற இறக்கத்தை மிகைப்படுத்துகின்றன.

ஆகவே ஒரு கணிப்பை மாத்திரம் நம்பி விதைத்தல் தகாது. மிகுமழைக்கு வடிகாலைத் துப்புரவாக்குக. குறைமழைக்குக் குளத்தைத் தூர்வாரி நீரைத் தேக்குக. தோட்டக் கிணற்றை அளவாக இறைத்திடுக, மிஞ்சினால் உவரேறும்.