கிழிந்த டாலரை எங்கே மாற்றுவது?

கம்போடியாவின் சியம் ரீப்பிலோ ப்னோம் பென்னிலோ இருபது டாலர் நோட்டை நீட்டினால், கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்து, ஓரங்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். விளிம்பில் நெல்லளவு கிழிசல் இருந்தால் போதும், சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுவார். அதே கடைக்காரர், டேப் ஒட்டித் துவண்டுபோன உள்நாட்டு ரியெல் நோட்டை மறுபேச்சில்லாமல் கல்லாவில் போடுவார். ஆகவே இது சுத்தத்தில் அக்கறை கொண்டவரின் பிடிவாதம் அல்ல. ரியெலை வெளியிடும் தேசிய வங்கி உள்ளூரிலேயே இருக்கிறது. டாலரை வெளியிடுபவரோ பசிபிக் கடலுக்கு அப்பால் இருக்கிறார். வெளிநாட்டில் பழுதான நோட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதை, அதை வெளியிட்ட நாட்டுக்குத் திருப்பி அனுப்ப யாருக்கு எவ்வளவு செலவாகும் என்ற கணக்குதான் முடிவு செய்கிறது. அதை வைத்துப் பார்த்தால் எந்த வழி நல்லது, எது நஷ்டம் என்பது ஓரளவு தானாகவே பிரிந்துவிடும்.

அமெரிக்காவைக் கேட்டால் அந்த இருபது டாலரில் ஒரு குறையும் இல்லை. 1861 முதல் வெளியான நோட்டுகள் அனைத்தும் அங்கே இன்றும் முழு மதிப்புக்குச் செல்லும். அழுக்கேறியதோ கிழிந்ததோ, பாதிக்கு மேல் தெளிவாக இருந்தால் சாதாரண வங்கிக் கிளையிலேயே கணக்கில் கட்டிவிடலாம். சிக்கல் கப்பலேற்றும் செலவில் இருக்கிறது. கம்போடிய தேசிய வங்கி 2020-இல் 1, 2, 5 டாலர் நோட்டுகளைப் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்தது. ஆகஸ்ட் முடியும் வரை வங்கிகளிடமிருந்து அவற்றை இலவசமாக வாங்கி அனுப்புவதாகவும், அதன்பின் அனுப்பும் செலவை வங்கிகளே ஏற்க வேண்டும் என்றும் அறிவித்தது. உடனே சின்ன நோட்டு செல்லாதாம் என்று வதந்தி பரவி, அது உண்மையல்ல என்று தேசிய வங்கி விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. சட்டம் ஒரு எழுத்துகூட மாறவில்லை. செலவு யார் தலையில் என்பது மட்டும்தான் மாறியது. கடைவீதி அதற்கே நடுங்கிவிட்டது.

பழுதுகளும் ஒரே ரகமல்ல. கிழிசலும் கறையும் யாருக்கும் புரியும். முத்திரை விழுந்த நோட்டின் கதைதான் விசித்திரம். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பணமாற்று வியாபாரிகள், தாங்கள் சோதித்து நல்லதென்று கண்ட டாலரில் நகக்கண் அளவுக்கு ஒரு மைமுத்திரை குத்துவதுண்டு. வெள்ளி டாலர் புழங்கிய காலத்தில் சீன வணிகர்கள் நாணயத்தில் அடையாளம் குத்திய பழக்கத்தின் மிச்சம் இது. ஒரு சந்தையில் நல்ல நோட்டுக்குச் சாட்சியான முத்திரை, அடுத்த நாட்டில் அழுக்காகிவிடுகிறது. பழைய சிறிய தலைப்படம் கொண்ட நூறு டாலர் மீதான சந்தேகத்துக்கு வேறு காரணம் உண்டு. அசலுக்கு மிக நெருங்கிய கள்ள நூறு டாலர்கள் 1989-இல் மணிலாவில் பிடிபட்டன. 1996-இல் படம் பெரிதாகி வடிவம் மாறியது. பழைய வடிவத்தைச் சோதிக்கும் கருவியோ பொறுமையோ இல்லாத கவுண்டர், வேண்டாம் என்று சொல்லிவிடுகிறது.

இனி வழிகளைப் பார்ப்போம். சந்தையில் தங்கமும் விற்று, கண்ணாடிப் பெட்டிக்குள் நோட்டுக்கட்டுகளை அடுக்கிவைத்துப் பணமும் மாற்றும் கடைகள் கிழிந்த டாலரை, மதிப்பில் ஒரு பங்கை வட்டமாகப் பிடித்துக்கொண்டு வாங்கும். நம்மூர்ப் பேருந்து நிலையங்களில் கிழிந்த ரூபாயை மாற்றித் தருவோரிடம் பார்த்த அதே தொழில்தான். வட்டம் அநியாயம் என்று தோன்றலாம். ஆனால் நோட்டுகளைச் சேர்த்து, காத்திருந்து, அனுப்பும் வேலையைக் கடைக்காரர் நமக்குப் பதில் செய்கிறார். இருபது டாலருக்கு ஒரு டாலர் பிடித்தால் கொடுத்துவிடலாம். நூறுக்கு இருபது பிடித்தால் கொடுக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அந்த நோட்டு கெட்டுப்போகிற பண்டமில்லை. ஊருக்குக் கொண்டுவந்தால் மட்டும் தீர்வு வராது. சென்னையிலிருந்தும் அமெரிக்கா தொலைவுதான், இங்கேயும் வட்டம் கேட்பார்கள். அமெரிக்காவில் உறவினரோ நண்பரோ இருந்தால், அவர் அடுத்த முறை வந்து திரும்பும்போது கொடுத்தனுப்பி அவர் கணக்கில் போடச் சொல்வதுதான் முழு மதிப்புக்கான வழி. அதுவரை கையில் வைத்திருக்கத் தடையில்லை. 2,000 டாலர் வரை வெளிநாட்டு நோட்டைக் காலவரையின்றி வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வாஷிங்டனில் உள்ள, டாலர் நோட்டுகளை அச்சிடும் அரசுப் பணியகம் சிதைந்த நோட்டைக் கட்டணமின்றி ஆராய்ந்து பணம் தரும். ஆனால் அது தீயில் கருகிய, எலி கடித்த கட்டுகளுக்கான இடம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை ஆகும். ஒற்றை நோட்டோடு அந்த வாசலுக்குப் போவது வீண்வேலை.

இத்தனை யோசிப்பதற்கு, இரவுச் சந்தைக் கூட்டத்தில் மடித்து நீட்டிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நடக்கலாம். ஆனால் அந்த நஷ்டம் மறைவதில்லை. ஒரு நாள் வருமானத்தில் பாதியாக அது நூடுல்ஸ் வண்டிக்காரம்மாவின் தலையில் விழுகிறது. கார்டு இருக்க நோட்டு எதற்கு என்பது இன்னொரு கேள்வி. கம்போடிய ஏடிஎம்கள் பலவும் டாலர்தான் தருகின்றன, அதுவும் நூறாக. வங்கிக்குள் இருக்கும் ஏடிஎம்மில், வங்கி திறந்திருக்கும் நேரத்தில் எடுத்தால், பழுதானதை அந்த நிமிடமே கவுண்டரில் காட்டிக் கேட்கலாம்.

உள்ளூர்ப் பணத்துக்கு இதே கணக்கு தலைகீழாகும். இந்தோனேசிய ரூபியாவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மிஞ்சியிருந்தால் அந்நாட்டு மத்திய வங்கி மாற்றித்தரும். பாதிக்கு மேல் உள்ள யூரோவை யூரோ நாடுகளின் மத்திய வங்கிகள் மாற்றித்தரும். விமானம் ஏறிவிட்டால் இரண்டும் வெறும் காகிதத்துக்கு நெருங்கிவிடும். ஆகவே இவற்றை அந்த நாட்டை விட்டுக் கிளம்புமுன் தீர்த்துவிட வேண்டும். இலங்கையில் கூடுதல் எச்சரிக்கை தேவை: வேண்டுமென்றே கிறுக்கிய, வெட்டிய நோட்டை மாற்ற அங்கே தந்த அவகாசம் முடிந்துவிட்டது; இனி நஷ்டம் வைத்திருப்பவருக்கே. பேனாவால் எழுதிய இலங்கை நோட்டு மீதிச்சில்லறையில் வந்தால் அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

பேரம் பேச உண்மையான பலம் இருக்கும் இடம் டாலர் வாங்கும் கவுண்டர். ரூபாயை எண்ணித் தருமுன், நூறு டாலரென்றால் நீலப் பட்டை கொண்ட புதிய வடிவ நோட்டாகவும், மடிப்பும் முத்திரையும் இல்லாததாகவும் கேளுங்கள். ஒவ்வொன்றையும் இரு புறமும் திருப்பிப் பாருங்கள். பின்னால் வரிசை நீண்டால் நீளட்டும்.